ஒன்றரைக் குத்து

என் கை குத்தி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஊர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு அறை. சுவரில் ஏழாம் வாய்ப்பாடு எழுதியிருந்தது. மூலையில் ஒரு பெஞ்சு, அதன் மேல் அட்டை மறைப்பு. மறைப்புக்குப் பின்னால் நான். கையில் நான்கு நிறத்தில் நான்கு சீட்டுகள், ஒரு ரப்பர் முத்திரை. ரோஸ் நிறச் சீட்டு பஞ்சாயத்துத் தலைவருக்கு. அதை விரித்து வைத்து, மூக்குக் கண்ணாடிச் சின்னத்தைத் தேடிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு குத்தினேன்.

ஒரு குத்து. உடனே, நான் நினைக்காமலே, கை கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து இன்னொரு பாதிக் குத்து. முதல் முத்திரையின் மேல் ஏறி, பாதி மட்டும் மை பட்ட குத்து.

"அய்யய்யோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"என்னம்மா ஆச்சு?" என்று மேசையிலிருந்த அலுவலர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க சார்."

கெட்டுப்போன சீட்டைக் கொடுத்து வேறு சீட்டு கேட்கலாம் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். அப்போதே தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். கதவோரம் எதிர்க்கட்சி ஏஜெண்டு, ஆளுங்கட்சி ஏஜெண்டு என்று உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வீட்டு ஆட்கள். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டேன். என் பெயரையும் தெருவையும் எழுதிப் போட்டதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. இந்த வாரம் எழுதுவதில் எல்லாருடைய பேரையும் மாற்றியிருக்கிறேன். ஊர் கல்லாவிக்குப் பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன். குத்தையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி என்பது இத்தனை வாரம் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதானே.

ஷிப்டுக்கு ஒரு குத்து

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் கடைசிச் சோதனை மேசை எங்களுடையது. ஒவ்வொரு துண்டையும் அளவுக் கருவியில் நுழைத்துப் பார்க்க வேண்டும், விரலால் தடவிப் பிசிறு பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் டிரேயில் அடுக்கலாம். டிரே நிறைந்ததும் அதற்கு ஓர் அட்டை கட்டி, அட்டையில் முத்திரை குத்த வேண்டும்.

வெளியே போன சரக்கில் குறை இருந்தால் அட்டையோடு திரும்பி வரும். யார் பார்த்து அனுப்பியது என்று கேள்வி வரும். மூன்று ஷிப்டுக்கும் ஒரே முத்திரைதான். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

அதற்கு எங்கள் சூப்பர்வைசர் தங்கவேல் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் ஷிப்டு நேராக ஒரு குத்து. இரண்டாவது ஷிப்டு ஒன்றரைக் குத்து. மூன்றாவது ஷிப்டு தலைகீழாக. இரண்டாவது ஷிப்டில் நாங்கள் எட்டுப் பெண்கள். பாதிக் குத்து எங்கே விழ வேண்டும், எவ்வளவு ஏற வேண்டும் என்று பழைய அட்டைகளில் ஒரு நாள் முழுக்கக் குத்தப் பழக்கினார்.

"கண்ணை மூடிட்டுக் குத்தினாலும் இப்டித்தான் வுழணும்" என்றார். விழுந்தது. வருஷக்கணக்கில், ஷிப்டுக்கு நூறு நூற்றைம்பது முறை விழுந்தது.

எட்டுப் பேரும் ஒரே ஊர், ஒரே தெரு. காடு கழனி வேலை இல்லாமல் போன ஒரு வருஷத்தில் எங்களைக் கூட்டிவந்து மத்திகிரியில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்து வேலையில் சேர்த்தவர் தங்கவேல் சார்தான். அவரும் எங்கள் ஊர்தான். ஊரில் பாதி நிலம் அவர்கள் குடும்பத்துடையது. நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், கம்பெனிக்குள் அவர் எங்களை ஒரு சொல் கேவலமாகப் பேசியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு தருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது அவர் தலையை ஆட்டினால் போதும். ஆட்டாவிட்டாலும் போதும், நாங்கள் வெளியே.

ஓசூரில் அவர் சார். பஸ் மத்தூரைத் தாண்டிவிட்டால் சின்னவர். எங்கள் வாய் தானாக மாறிக்கொள்ளும். அவருடைய அண்ணன் பெரியவர்.

அந்தப் பெரியவர்தான் தலைவர் பதவிக்குப் பூட்டு சாவிச் சின்னத்தில் நின்றார்.

பாடை போன வழி

எதிர்த்து மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் நின்றது பாப்பாத்தி. எங்கள் தெரு. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை, மற்ற நாளில் நூறுநாள் வேலை. எங்கள் தெருவிலிருந்து ஒருத்தி தலைவர் பதவிக்கு மனு போட்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான்கு பேர் மிரட்டினால் வாபஸ் வாங்கிவிடுவாள் என்று நினைத்தேன். வாங்கிவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன். யாருக்கு ஓட்டு என்கிற தலைவலியே இருக்காது பாருங்கள்.

அவள் வாங்கவில்லை.

அவள் ஏன் நின்றாள் என்பதற்கு என் மாமியார் செத்த கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு நேர்வழி பெரியவர் வீட்டு நிலத்தின் ஓரமாகப் போகிறது. சர்வே படத்தில் அது பாதை. நிலத்தில் அது வரப்பு. உயிரோடு நடந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பாடை போகக்கூடாது, அவ்வளவுதான். பாடை என்றால் ஓடையில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும்.

என் மாமியார் ஐப்பசியில் செத்தார். மூன்று நாள் மழை. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். என் வீட்டுக்காரர் போய்ப் பெரியவர் வாசலில் நின்று, இன்று ஒருநாள் மட்டும் என்று கேட்டார். "ஒருநாள் வுட்டா அது பழக்கமாய்டும்பா" என்று பதில் வந்தது. கோபமாகக்கூட இல்லை, காபி குடித்துக்கொண்டே சொன்னாராம்.

ஓடையில் இறங்கினார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கி, பாடை ஒருபக்கம் சாய்ந்து, மாமியாரின் தலை தண்ணீரில் முங்கியது. அதைத் தூக்கிப் பிடித்ததில் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்று வரை அவரால் பத்து கிலோ தூக்க முடியாது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய்விட்டு அழக்கூடத் தெரியவில்லை. செத்துப்போன மனுஷிக்கு மூச்சு முட்டுமே என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு நினைப்பு, அவ்வளவுதான் ஓடியது.

அந்த வாரமே பாப்பாத்தி கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி, திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். ஒன்பது முறை கொடுத்தாள். பத்தாவதாகக் கொடுத்ததுதான் வேட்புமனு.

ஆக, யாருக்கு ஓட்டு என்பதில் என் மனசில் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் தைரியத்தில்தான்.

போனாலும் இடி, போகாட்டியும் இடி

ஓட்டுப் போடாமலே இருந்துவிட்டால் என்ன என்று முதலில் யோசித்தேன். ஓவர்டைம் என்று மத்திகிரியிலேயே இருந்துவிடலாம். வீட்டுக்காரர் சிரித்தார். "சார் வேன் வெக்கறாரு. எட்டுப் பேருக்கும் பேர் எழுதியாச்சி. மறுநா வெரல்ல மை இல்லன்னா என்னா சொல்லுவ?" என்றார்.

சரி, செல்லாத ஓட்டாகப் போட்டுவிட்டால்? எல்லாச் சின்னத்திலும் குத்திவிட்டு வந்துவிட்டால்? அதை நினைத்தால் மாமியாரின் முகம் தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிறது.

பெரியவருக்கே போட்டுவிட்டால்? அதையும் யோசித்தேன், மறைக்கவில்லை. மகள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் சம்பளம் என் ஒருத்தியுடையது. பாப்பாத்தி எப்படியும் தோற்கத்தான் போகிறாள், என் ஓர் ஓட்டு எதற்கு என்று மூன்று நாள் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன்.

வீட்டு ஓனர் நாகம்மா கன்னடக்காரர், மத்திகிரியிலேயே பிறந்து வளர்ந்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு "யாக்கம்மா இஷ்டு பயா?" என்று கேட்டார். ஏன் இவ்வளவு பயம் என்கிறார். சொன்னேன். "இங்க எல்லாம் மெஷினு. பொத்தானு அமுக்கினா பீப்னு சத்தம், ஆச்சு. உங்க ஊர்ல இன்னும் பேப்பரா?" என்றார். பஞ்சாயத்துக்குப் பேப்பர்தான் என்றேன். பேப்பரானால் என்ன, யாருக்குக் குத்தினாய் என்று பேப்பரா பேசப் போகிறது என்றார்.

அந்த ஒரு பேச்சில்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பேப்பர் பேசாது. நானும் பேசப் போவதில்லை.

சூடம்

ஓட்டு நாளில் விடிந்தபின் வேன் கிளம்பியது. எட்டுப் பேரும் நல்ல சேலை கட்டியிருந்தோம். கிருஷ்ணகிரி வரை பேச்சும் சிரிப்பும். மத்தூர் தாண்டியதும் ஒவ்வொருத்தியாக வாயை மூடிக்கொண்டோம்.

ஊர் எல்லையில் மாரியம்மன் கோயில் முன்னால் வேன் நின்றது. சார் இறங்கினார். இல்லை, சின்னவர் இறங்கினார். தாம்பாளத்தில் சூடத்தை ஏற்றி நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் செய்றதுதான். ஒருதரம் அணைச்சிட்டுப் போய்டுங்க."

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் மீறக்கூடாது. மீறினால் குடும்பத்துக்கு ஆகாது. விஜயா முதலில் இறங்கினாள். எங்களில் சின்னவள், வாய்த்துடுக்கு. அவளே மறுபேச்சில்லாமல் "பூட்டு சாவி" என்று சொல்லி அணைத்தாள். அடுத்தடுத்து எல்லாரும். ஒவ்வொருத்தி அணைத்ததும் அவர் திரும்ப ஏற்றினார்.

என் முறை வந்தது. நழுவுகிற மாதிரி ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. "பூட்டு சாவி" என்று தெளிவாகச் சொல்லி அணைத்தேன். உள்ளங்கை சுட்டது.

பொய்ச் சத்தியம். சாமி முன்னால். அதற்கு அலங்காரம் எதுவும் செய்ய நான் விரும்பவில்லை.

அரைமணி கழித்து அந்த மூன்றாம் வகுப்பு அறை. அந்த ஒன்றரைக் குத்து.

பெட்டி பூட்டியிருந்த நாட்கள்

ஓட்டுப் பெட்டிகளை ஊத்தங்கரைக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார்கள். எண்ணுவதற்கு இன்னும் சில நாள் இருந்தது. எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் விரித்து ஏஜெண்டுகளுக்குக் காட்டுவார்கள். பெரியவருக்கு ஏஜெண்டு யார் தெரியுமா? தங்கவேல் சார்.

நான் போட்ட கணக்கு இதுதான். அந்த ஊரில் ஒன்றரைக் குத்து குத்தத் தெரிந்தவர்கள் எட்டுப் பேர். ஏழு பேர் சத்தியத்தைக் காப்பாற்றியிருப்பார்கள். அவர்கள் கையும் பழக்கத்தில் அப்படியே குத்தியிருந்தால், பூட்டு சாவியில் ஏழு. மூக்குக் கண்ணாடியில் ஒன்றே ஒன்று. எட்டில் அது யார் என்று கண்டுபிடிக்க ஜோசியரா வேண்டும்? ஓடையில் யாருடைய மாமியார் முங்கினாரோ அவள்தான்.

அந்த நாட்களில் அவர் என் மேசைப் பக்கம் வருவார். அட்டையை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். வழக்கமாகச் செய்வதுதான். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அது விசாரணையாகத் தெரிந்தது. நேராக ஒரு குத்து குத்திப் பழகலாம் என்று பார்த்தேன். கை கேட்கவில்லை.

நடுவில் மகளுக்குக் காய்ச்சல் வேறு. டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்றார். எனக்குத்தான் தெரியும் அது என்னவென்று. உள்ளங்கையில் சூடம் சுட்ட இடத்தைப் பார்த்துப் பார்த்து, "என்னை எடுத்துக்கோ தாயே, அவ என்னா பண்ணா" என்று அடுப்படியில் நின்று அழுதேன். வீட்டுக்காரரிடம்கூட நான் யாருக்குப் போட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அவருக்கும் தூக்கம் போய்விடும். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. எனக்கு விடவில்லை.

யாருடைய அட்டை?

எண்ணிக்கை அன்று சார் லீவு. மாலையில் செய்தி வந்தது. பெரியவர் ஜெயித்துவிட்டார். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் ஜெயித்துவிட்டார்.

மறுநாள் ஷிப்டு ஆரம்பித்ததும் சார் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் லட்டு டப்பா. எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். பிறகு டிரேயிலிருந்து ஓர் அட்டையை எடுத்து எங்கள் நடுவில் வைத்தார். ஒன்றரைக் குத்து.

"இது யாருது?"

என் கையில் லட்டு நசுங்கிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம், நான்தான் சார், மன்னிச்சிடுங்க சார் என்று காலில் விழுந்துவிடலாம் என்று வாய் வரை வந்துவிட்டது.

விஜயா முந்திக்கொண்டாள். "எல்லாருதும் அப்டித்தான சார் இருக்கும்."

"ஆமா. எல்லாருதும் அப்டித்தான் இருந்துச்சி." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஓட்டுச் சீட்ட விரிக்கறாங்க, ஒன்றரைக் குத்து. மூக்குக் கண்ணாடி. ரெண்டு தரம் குத்தியிருக்கு, செல்லாதுன்னு சொன்னன். ரெண்டும் ஒரே சின்னத்துல வுழுந்திருக்கு, செல்லும்னுட்டாங்க. சரி, யாரோ ஒருத்தின்னு நெனச்சன். அடுத்து ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. எட்டு வந்துச்சிம்மா. எங்கண்ணன் கட்டுல ஒண்ணுகூட இல்ல."

நான் தலை நிமிர்ந்தேன். எதிரே ராணி நிமிர்ந்தாள். விஜயா, மற்றவர்கள், எல்லாரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். எல்லா முகத்திலும் பயம் இருந்தது. அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. சூடத்தை அணைத்துப் பொய் சொன்னவள் நான் ஒருத்தி இல்லை. இத்தனை நாள் எட்டுப் பேரும் ஒரே மேசையில் தோளோடு தோள் உட்கார்ந்து, தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

எட்டுப் பேரையும் ஒரே நாளில் அனுப்பினால் மேசை காலியாகிவிடும், சரக்கு கிளம்பாது, மேலே கேள்வி வரும். அது அவருக்கும் தெரியும். அதனால் யாரையும் அனுப்பவில்லை. ஆறு மாதக் கான்ட்ராக்ட் மூன்று மாதமானது. அப்புறம் இன்னொன்று செய்தார்.

"இனிமே ஷிப்டுக்கு ஒரு குத்து கெடயாது. ஆளுக்கு ஒரு குத்து. கம்ப்ளைண்ட் வந்தா யாருன்னு தெரியணுமில்ல."

எனக்குத் தலைகீழாக, பாதி அட்டைக்கு வெளியே. விஜயாவுக்கு மூலையில் சாய்வாக. ராணிக்கு நெருக்கி இரண்டு. எட்டுப் பேருக்கும் எட்டு. மறுபடியும் ஒரு நாள் முழுக்கப் பழைய அட்டைகளில் குத்திப் பழகினோம். எதற்குப் பழக்குகிறார் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

இந்த வாரம்

பாடை இன்னும் ஓடையில்தான் போகிறது. பாப்பாத்தி இன்னும் திங்கட்கிழமைகளில் பஸ் ஏறுகிறாள். மறுபடி உள்ளாட்சித் தேர்தல் வரும் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. பாப்பாத்தி நிற்பாள், பெரியவரும் நிற்பார். போன வாரம் சார் எங்கள் மேசைக்கு வந்து, "இந்தத் தரமும் வேன் உண்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கை என்ன குத்தும் என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். பழைய வக்கீல் வேலையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். மகள் காலேஜ் இரண்டாம் வருஷம், வீட்டுக்காரர் இடுப்பு, வாடகை என்று வரிசையாக.

நேற்று சாப்பாட்டு நேரம். எட்டுப் பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த நாளிலிருந்து இன்று வரை, யார் யாருக்குப் போட்டோம் என்று ஒருத்தியோடு ஒருத்தி பேசியதில்லை. விஜயா எழுந்துபோய்க் குப்பைக் கூடையிலிருந்து நான்கைந்து வேண்டாத அட்டைகளையும் மேசையிலிருந்து முத்திரையையும் கொண்டுவந்தாள். ஓர் அட்டையில் தலைகீழாக, பாதி வெளியே போகும்படி ஒரு குத்து குத்தினாள்.

"சரியா இருக்குதா சாந்தாக்கா?"

என் குத்து. பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் வெளிய போவணும்" என்றேன்.

மறுபடி குத்தினாள். அச்சு அசல்.

முத்திரையை என் பக்கம் நகர்த்தினாள். நான் மூலையில் சாய்வாகக் குத்தினேன், அவளுடையதை. அடுத்து ராணி கையை நீட்டினாள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை முத்திரை எட்டுப் பேர் கையிலும் மாறி மாறிச் சுற்றியது. அட்டைகளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினோம்.

பயம் போகவில்லை. ஆனால் நேற்றிலிருந்து என் கைக்கு எட்டுக் குத்தும் வருகிறது.